ஊசியைப் பார்க்காத மனிதர்

குப்புசாமி, குப்பம்மாள், பிச்சை, பிச்சையம்மாள். இந்தப் பெயர்களைக் கேட்டால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். வைத்தவர்கள் சிரித்துக்கொண்டு வைக்கவில்லை. அடுத்தடுத்துப் பிள்ளைகள் பிறந்து இறந்துபோன வீட்டில், அதற்குப் பிறகு ஒன்று பிறந்தால் அதைக் குப்பைமேட்டில் ஒரு நிமிஷம் கிடத்திவிட்டு எடுப்பார்கள். இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு, ஒரு முறம் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப ‘வாங்கிக்கொண்டு’ வருவார்கள். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை. இது யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று நினைத்து எமன் விட்டுவிட்டுப் போகட்டும் என்பது கணக்கு.

அந்தச் சாவுகளில் பெரும்பாலானவை பேதியாலும் காய்ச்சலாலும் பிரசவச் சிக்கலாலும் வந்தவை. ஆனால் எல்லா நாட்டு வீடுகளிலும் ஒரு தனி ரகம் இருந்தது. தலைப்பிள்ளை கொழுகொழுவென்று இருக்கும். இரண்டாவது, பிறந்த சில மணி நேரத்தில் மஞ்சள் பூக்கும். சில நாளில் போய்விடும், பிழைத்தால் காது கேட்காது, கைகால் விளங்காது. மூன்றாவது வயிற்றிலேயே உடம்பெல்லாம் நீர் கோத்து இறந்து பிறக்கும். தாயைப் பரிசோதித்தால் ஒரு நோயும் இருக்காது. ஒவ்வொரு பிரசவமும் முந்தையதைவிட மோசமாகிக்கொண்டே போகும். வயிற்றின் ராசி, முன்வினை என்று ஏதேதோ சொல்லி அந்தப் பெண்ணின் தலையில் கட்டிவிடுவார்கள். இங்கே மட்டுமில்லை, எல்லா ஊரிலும்தான்.

இந்த ரகத்துக்கான காரணம் பிடிபட ஆரம்பித்தது 1939-இல். நியூயார்க்கில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை இறந்து பிறந்தது. ரத்தம் நிறையப் போயிருந்ததால், கணவருடைய ரத்தத்தை ஏற்றினார்கள். இருவருக்கும் ஒரே குரூப்தான். ஆனாலும் அந்த ரத்தத்தை அவள் உடம்பு ஏற்றுக்கொள்ளவில்லை, பெரிய எதிர்வினை வந்தது. பிலிப் லெவின், ரூஃபஸ் ஸ்டெட்சன் என்ற இரண்டு மருத்துவர்கள் இதை எழுதி வெளியிட்டார்கள். கணவர் வழியாகக் குழந்தைக்கு வந்த ஏதோ ஒன்றைத் தாயின் உடம்பு எதிர்த்திருக்கிறது. அதே பொருள் கணவரின் ரத்தத்திலும் இருந்திருக்கிறது என்பது அவர்கள் ஊகம். அடுத்த வருடம் கார்ல் லாண்ட்ஸ்டெய்னரும் அலெக்சாண்டர் வீனரும் ரீசஸ் குரங்கை வைத்துச் செய்த ஆய்விலிருந்து அதற்கு ‘ஆர்எச்’ என்று பெயர் வந்தது. குரங்கில் அவர்கள் பார்த்தது உண்மையில் வேறொரு பொருள் என்று பின்னாளில் தெரிந்துவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. நம் ரத்த குரூப் அட்டையில் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று இருக்கிறதே, அதுதான் இது.

சிவப்பணுவின் மேல்தோலில் ‘டி’ என்று ஒரு புரதம். அது இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். இல்லாததால் ஒரு குறையும் கிடையாது. ஐரோப்பிய வம்சாவளியினரில் நூற்றுக்கு 15 பேர் நெகட்டிவ். இந்தியாவில் நூற்றுக்கு 5 பேர் போல. சிக்கல் வருவது தாய் நெகட்டிவாக இருந்து, தகப்பன் வழியில் குழந்தை பாசிட்டிவாக அமையும்போது.

அப்போதும் ஒன்பது மாதம் நிம்மதியாகத்தான் போகும். தாயின் ரத்தமும் பிள்ளையின் ரத்தமும் நஞ்சுக்கொடியில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஓடினாலும் கலப்பதில்லை. பிரசவத்தின்போது நஞ்சு பிரிந்து வருகிறதே, அந்த நேரத்தில் பிள்ளையின் ரத்தம் கொஞ்சம் தாய்க்குள் போய்விடுகிறது. பெரும்பாலும் ஒரு தேக்கரண்டிகூட இருக்காது. அதுவே போதும். தாயின் எதிர்ப்புச் சக்தி முன்பின் பார்த்திராத ‘டி’ புரதத்தைப் பார்க்கிறது, அந்நியன் என்று முடிவு கட்டுகிறது, அதற்கு எதிராக ஆன்டிபாடி என்ற ஆயுதத்தைத் தயாரிக்கத் தொடங்குகிறது. தயாராகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் தலைப்பிள்ளை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் முதல் பிள்ளை தப்பித்துவிடுகிறது.

ஆனால் உடம்பு மறப்பதில்லை. அடுத்த பிள்ளையும் பாசிட்டிவாக இருந்தால், அந்த ஆன்டிபாடிகள் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குள் போகின்றன. ஓட்டை வழியாகக் கசிந்து போவதில்லை. நஞ்சுக்கொடியே தூக்கிக்கொண்டு போய்ச் சேர்க்கிறது. பிறந்த குழந்தைக்குச் சொந்த எதிர்ப்புச் சக்தி வளர மாதக்கணக்காகும். அதுவரை அம்மை, காய்ச்சல் என்று வருவதைத் தாங்க, தாய் தன் ஆன்டிபாடிகளைப் பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்து அனுப்புகிறாள். ஊருக்குப் போகிற பிள்ளைக்குக் கட்டுகிற கட்டுச்சோறு மாதிரி. அந்த மூட்டைக்குள் விஷமும் சேர்ந்து போய்விடுகிறது. பிள்ளையின் சிவப்பணுக்கள் ஒவ்வொன்றாக அழிகின்றன. ஈடுகட்ட முயன்று கல்லீரலும் மண்ணீரலும் வீங்குகின்றன. முடியாதபோது உடம்பு முழுக்க நீர் கோக்கிறது. உயிரோடு பிறந்துவிட்டாலும் ஆபத்து ஓயவில்லை. உடைந்த சிவப்பணுக்களிலிருந்து வரும் பிலிருபின் என்ற மஞ்சள் கழிவை அதுவரை தாயின் கல்லீரல் வெளியேற்றிக்கொண்டிருந்தது. தொப்புள்கொடியை வெட்டியதும் அந்த வேலை பிள்ளையின் தலையில் விழுகிறது. பிஞ்சுக் கல்லீரலால் முடியவில்லை. பிலிருபின் மூளையில் போய்ப் படிகிறது.

1940-களில் மருத்துவர்கள் குழந்தையின் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்றிப் பல உயிர்களைக் காப்பாற்றினார்கள். 1963-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் வில்லியம் லைலி, தாயின் வயிற்றுக்குள் இருக்கும் சிசுவுக்கே ஊசி வழியாக ரத்தம் ஏற்றிக் காட்டினார். ஸ்கேன் வசதி இல்லாத காலத்தில் எக்ஸ்ரேயை நம்பிச் செய்த காரியம் அது. இருந்தாலும் இதெல்லாம் வீடு பற்றிக்கொண்ட பிறகு தண்ணீர் தூக்குவதுதான்.

தடுக்கும் வழியை ஏறத்தாழ ஒரே சமயத்தில் இரண்டு ஊர்களில் கண்டுபிடித்தார்கள். ஒன்று இங்கிலாந்தின் லிவர்பூல். அங்கே சிரில் கிளார்க் என்ற மருத்துவருக்கு வண்ணத்துப்பூச்சி வளர்ப்பது பொழுதுபோக்கு. பூச்சியின் இறக்கை நிறம் தலைமுறை தலைமுறையாக எப்படிப் போகிறது என்று ஆராயப் போனவர், அங்கிருந்து மனிதனின் ரத்த குரூப்புக்கு வந்து சேர்ந்தார். அவருடன் இருந்த இளம் மருத்துவர் ரொனால்ட் ஃபின்னுக்கு ஒரு பழைய தகவல் உறுத்திக்கொண்டே இருந்தது. தாய் ஓ குரூப், பிள்ளை ஏ குரூப் என்று அந்தக் கணக்கிலும் பொருந்தாமல் இருந்தால், ஆர்எச் நோய் அவ்வளவாக வருவதில்லை. ஒரு பொருத்தமின்மை இன்னொரு பொருத்தமின்மையிலிருந்து காக்கிறது! ஏன்? ஓ குரூப் தாயின் ரத்தத்தில் ஏ-வுக்கு எதிரான ஆன்டிபாடி இயல்பாகவே உண்டு. உள்ளே வந்த பிள்ளையின் அணுக்களை அது உடனே துடைத்தெடுத்துவிடுகிறது. ‘டி’ புரதத்தை எதிர்ப்புச் சக்தி நின்று கவனிப்பதற்கே நேரமில்லை.

அப்படியென்றால் ‘டி’-க்கு எதிரான ஆன்டிபாடியையே வெளியிலிருந்து தாய்க்குக் கொஞ்சம் கொடுத்தால் என்ன? கேட்பதற்கே கிறுக்குத்தனமாக இருக்கும். பிள்ளையைக் கொல்வதே அந்த ஆன்டிபாடிதானே? கிளார்க்கின் மனைவி ஒருநாள் ராத்திரி தூக்கத்திலிருந்து அவரை எழுப்பி இந்த யோசனையைச் சொன்னதாகக் கிளார்க்கே சொல்லியிருக்கிறார். தூக்கக் கலக்கத்தில் அவருக்கு எரிச்சல்தான் வந்ததாம்.

அதன் தர்க்கம் இதுதான். தாய் தானே தயாரிக்கும் ஆன்டிபாடிக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலையே இருக்கிறது. வாழ்நாள் முழுக்க ஓடும். வெளியிலிருந்து ஊசியில் போட்ட ஆன்டிபாடிக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. வந்த வேலையை முடித்துவிட்டுச் சில மாதங்களில் கரைந்துவிடும். வந்த அந்நியனைக் காவலர்கள் பார்ப்பதற்கு முன்பே வாசலோடு அப்புறப்படுத்திவிட்டுத் தானும் கிளம்பிவிடுகிற கூலியாள் அது. ஆனால் ஒன்று: இத்தனூண்டு மருந்து தாயின் எதிர்ப்புச் சக்தியை எப்படி இவ்வளவு முழுசாக ஏமாற்றுகிறது என்பதில் விஞ்ஞானிகள் இன்னும் ஒரே கருத்துக்கு வரவில்லை. அறுபது வருடமாகப் போட்டுவரும் ஊசி, வேலை செய்கிறது என்பதில் சந்தேகம் இல்லை, எப்படிச் செய்கிறது என்பதில்தான் வாக்குவாதம்.

இன்னொரு ஊர் நியூயார்க். வின்சென்ட் ஃப்ரீடா, ஜான் கார்மன், வில்லியம் போலாக் மூவரும் இதே யோசனைக்கு வேறு வழியாக வந்து சேர்ந்தார்கள். யாரிடம் சோதிப்பது? நெகட்டிவ் பெண்களிடம் சோதித்துத் தோற்றால் அவர்களுக்கு இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு ஆபத்து. ஆண்கள் பிள்ளை பெறுவதில்லை. சிங் சிங் சிறையில் நெகட்டிவ் குரூப் கைதிகள் முன்வந்தார்கள். அவர்களுக்குப் பாசிட்டிவ் அணுக்களை ஏற்றி, பாதிப்பேருக்கு மட்டும் ‘டி’-க்கு எதிரான ஆன்டிபாடியை, அதாவது ஆன்டி-டியைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதைப் பெற்றவர்கள் உடம்பு எதிர்க்கக் கற்றுக்கொள்ளவில்லை. பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி போட வேண்டும் என்று இன்று எல்லா மருத்துவமனையிலும் சொல்கிறார்களே, அந்த 72 மணி நேரம்கூட உடலியல் கணக்கில் வந்ததல்ல, சிறைக்குள் போய்வர அனுமதி கிடைத்த இடைவெளியில் வந்தது என்று சொல்வார்கள். சிறையில் இருப்பவன் சொல்லும் ‘சம்மதம்’ எவ்வளவு சம்மதம் என்ற கேள்வி இருப்பதால் இன்றைக்கு அப்படி ஒரு சோதனைக்கு எந்தக் குழுவும் லேசில் ஒப்புதல் தராது. சரியும்கூட. அந்தக் கைதிகள் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை, அது சரியில்லை.

1964-இல், இங்கிலாந்தில் இருந்த கார்மனின் சகோதரர் மனைவிக்குப் பிரசவமானபோது, நியூயார்க்கிலிருந்து அனுப்பிய மருந்து போடப்பட்டது. அவர் நெகட்டிவ். 1968-இல் அமெரிக்காவில் மருந்துக்கு உரிமம் கிடைத்தது.

இந்த இடத்தில், பெரும்பாலான அறிவியல் கதைகள் முடிந்துவிடும். கண்டுபிடித்தாயிற்று, பரிசு வாங்கியாயிற்று. ஆனால் ஆன்டி-டி-க்கு இங்கேதான் உண்மையான பிரச்சினை ஆரம்பம். இந்த மருந்தை மூலிகையிலிருந்து எடுக்க முடியாது. குதிரைக்கு விஷம் ஏற்றிப் பாம்புக்கடி மருந்து எடுப்பதுபோல் விலங்கிலிருந்தும் எடுக்கவில்லை. மனிதனின் ரத்தத்திலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. அதுவும் தன் ரத்தத்தில் ஏற்கெனவே ஆன்டி-டி சுரக்கும் மனிதன். தொடக்கத்தில் அப்படிப்பட்டவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். இந்த நோயால் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள். தங்கள் பிள்ளைகளைக் கொன்ற அதே ஆன்டிபாடியை, வேறு யாரோ ஒருத்தியின் பிள்ளை பிழைக்கட்டும் என்று எடுத்துக்கொடுத்தவர்களில் அவர்களும் இருந்தார்கள்.

ஆஸ்திரேலியாவில் இன்னொருவர் கிடைத்தார். ஜேம்ஸ் ஹாரிசன், ரயில்வேயில் அலுவலக வேலை பார்த்தவர். 1936 டிசம்பரில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். 14 வயதில் நெஞ்சில் பெரிய அறுவைச் சிகிச்சை, ஒரு பக்க நுரையீரலையே எடுத்தார்கள். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிவாசம். வீட்டுக்கு வந்த பிறகு அப்பா சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது: தன்னைப் பிழைக்கவைத்தது முன்பின் தெரியாதவர்கள் கொடுத்த ரத்தம். 18 வயது ஆனதும் தானும் கொடுப்பேன் என்று முடிவெடுத்தார். 1954-இல் போனார், கொடுத்தார்.

இதில் ஒரு சங்கடம். அவருக்கு ஊசி என்றால் பயம். கடைசிவரை போகவில்லை அந்தப் பயம். ஊசி கைக்குள் இறங்குவதை ஒரு தடவைகூட அவர் பார்த்ததில்லை. கூரையைப் பார்ப்பார், நர்ஸ்களோடு பேச்சுக்கொடுப்பார், வேறு எங்கேயாவது முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அவர் ரத்தத்தில் ஆன்டி-டி மிக அதிகமாக இருப்பது 1960-களின் நடுவில் தெரியவந்தது. 14 வயதில் ஏற்றிய ரத்தம்தான் அதைத் தூண்டியிருக்கும் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். உறுதியாகச் சொல்ல வழியில்லை. 1967-இல் ஆஸ்திரேலியா ஆன்டி-டி திட்டத்தைத் தொடங்கியபோது முதல் கொடையாளர்களில் ஒருவராகச் சேரச் சொன்னார்கள். இந்த மாதிரித் திட்டங்களில் கொடையாளர்களுக்கு அவ்வப்போது பாசிட்டிவ் அணுக்களைச் சிறிதளவு ஏற்றி ஆன்டிபாடி அளவு குறையாமல் பார்த்துக்கொள்வதும் உண்டு. ஆபத்து சிறியதானாலும் ஆபத்துதான். அவர் உயிரைப் பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்குக் காப்பீடு செய்தார்கள். அவர் சரி என்றார்.

இங்கே ரத்ததானத்துக்கும் பிளாஸ்மாதானத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிவிட வேண்டும். ரத்தம் கொடுத்தால் சிவப்பணுக்களும் போய்விடும். திரும்ப ஊறச் சில வாரங்கள் ஆகும். ஆன்டிபாடி இருப்பதோ பிளாஸ்மாவில், அணுக்களை நீக்கிவிட்டால் மிஞ்சும் வெளிர்மஞ்சள் திரவத்தில். கிட்டத்தட்ட வடித்த சூப்பின் நிறம். கொடையாளர் சாய்வு நாற்காலியில் படுத்திருக்க, ஒரு கையிலிருந்து ரத்தம் குழாய் வழியாக இயந்திரத்துக்குப் போகும். உள்ளே ஒரு கிண்ணம் வேகமாகச் சுழலும். கனமான அணுக்கள் வெளிப்பக்கம் ஒதுங்க, பிளாஸ்மா தனியாகப் பையில் இறங்கும். சிவப்பணுக்கள் அதே குழாய் வழியாகக் கொடையாளருக்கே திரும்பிவிடும். திரும்பும்போது கை லேசாகக் குளிரும் என்பார்கள். முக்கால் மணி நேர வேலை. அணுக்கள் திரும்பிவிடுவதால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தால் போதும்.

வந்தால் போதும் என்று எழுதுவது சுலபம். அந்த மனிதர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தார். வேலையில் இருந்தபோது வந்தார், ஓய்வுபெற்ற பிறகு வந்தார். மனைவியும் ரத்தக் கொடையாளர். அவர் 2005-இல் இறந்த பிறகும் வந்தார். மொத்தம் 1,173 தடவை. அதில் 1,163 தடவை வலது கையில், 10 தடவைதான் இடது கையில்.

நம் இலக்கியத்தில் கொடை என்றால் பெரிய காட்சி. பாரி முல்லைக்குத் தேரை நிறுத்திவிட்டு நடந்து போனான். பேகன் மயிலுக்குப் போர்வை போர்த்தினான். புறாவுக்காகத் தொடையை அரிந்து தராசில் வைத்தான் சிபி. பேச்சுப்போட்டியில் நானும் கையை ஆட்டி ஆட்டி இவற்றைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஒன்று கவனித்தீர்களா? பாரி தேர் கொடுத்தது ஒரே ஒரு தடவை. அடுத்த பதினைந்தாம் நாள் இன்னொரு கொடிக்கு இன்னொரு தேர், அதற்கடுத்த பதினைந்தாம் நாள் இன்னொன்று என்று அறுபது வருடம் கொடுத்திருந்தால், அதைப் பாட எந்தப் புலவரும் மிஞ்சியிருக்க மாட்டார். அலுத்துப்போயிருக்கும். ஹாரிசனின் கொடையில் பாடுவதற்கு ஒன்றுமே இல்லை. ஒரு பேட்டியில் அவரே சொன்னார்: பத்திரமான ஒரு அறையில் உட்கார்ந்திருக்கிறேன், காபி தருகிறார்கள், கொறிக்க ஏதாவது தருகிறார்கள், கிளம்பிவிடுகிறேன், இதில் என்ன கஷ்டம் என்று.

அவர் கொடுத்த பிளாஸ்மா நேராக ஒரு தாய்க்குப் போவதில்லை. பல கொடையாளர்களின் பிளாஸ்மாவோடு கலந்து, ஆலையில் ஆன்டிபாடியை மட்டும் பிரித்தெடுத்து, கிருமி நீக்கி, சிறு குப்பிகளில் அடைப்பார்கள். ஆஸ்திரேலியாவில் தயாரான ஒவ்வொரு தொகுப்பிலும் அவருடையது கொஞ்சம் கலந்திருந்தது. இந்தக் கலப்பில் கவனம் தவறினால் என்னாகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1970-களின் பிற்பகுதியில் அயர்லாந்தில் ஹெபடைடிஸ் சி கிருமி கலந்த ஆன்டி-டி நூற்றுக்கணக்கான தாய்மாருக்குத் தொற்றைக் கொடுத்துவிட்டது. கொடுப்பவர் மனது எவ்வளவு நல்லதாக இருந்தாலும், குழாயும் சோதனையும் ஏடும் ஒழுங்காக இருந்தால்தான் அது மருந்து.

ஹாரிசனின் பிளாஸ்மா 24 லட்சம் குழந்தைகளைக் காப்பாற்றியது என்று செய்திகளில் வரும். இந்த எண்ணை அப்படியே விழுங்கக்கூடாது. ஊசி போடாவிட்டாலும் எல்லாத் தாய்மாருக்கும் ஆன்டிபாடி உண்டாகிவிடாது. நெகட்டிவ் தாய் பாசிட்டிவ் பிள்ளையைப் பெற்றால், மற்ற குரூப் பொருந்தியிருக்கும்போதுகூட, ஏறத்தாழ ஆறில் ஒருவருக்குத்தான் உண்டாகும். உண்டானவர்கள் எல்லோருக்கும் பிள்ளை இறந்துவிடும் என்பதும் இல்லை. ஆகவே 24 லட்சம் என்பது காப்பு கிடைத்தவர்களின் கணக்கு. தப்பிய உயிர்கள் அதைவிடக் குறைவு. ஆனால் அந்த ஆறில் ஒருத்தி யார் என்று முன்கூட்டிச் சொல்ல எந்தச் சோதனையும் இல்லை. அதனால் ஆறு பேருக்கும் போட வேண்டியிருக்கிறது. கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவளுக்கும் தெரியாது, தான் தப்பிய ஆபத்து உண்மையில் தனக்கு வரவிருந்ததா என்று. நன்றி சொல்லக்கூட ஆள் தெரியாத உதவி. ஹாரிசனுக்கு நன்றாகத் தெரிந்த வீடு ஒன்று உண்டு. அவருடைய சொந்த மகளுக்கே பிரசவத்துக்குப் பிறகு ஆன்டி-டி தேவைப்பட்டது.

ஊசிக்குப் பயந்த ஒருவர் ஏன் இப்படிச் செய்தார்? 2014-இல் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் அபிகெயில் மார்ஷ் குழு ஒரு ஆய்வை வெளியிட்டது. முன்பின் தெரியாதவர்களுக்குச் சிறுநீரகம் கொடுத்த 19 பேரின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். பயந்துபோன முகங்களின் படங்களைக் காட்டினால், மூளையில் பயத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதி இவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாகத் துடித்தது. வலப்பக்க அமிக்டலாவின் அளவும் கொஞ்சம் பெரிதாக இருந்தது. ஈவிரக்கமற்றவர்கள் என்று மனநல மருத்துவம் வகைப்படுத்துபவர்களிடம் இதற்கு நேர்மாறாகத் தெரியும். 19 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, இதை வைத்துக்கொண்டு கோட்டை கட்ட முடியாது. இருந்தாலும் யோசிக்க வைக்கிறது. பயமே தெரியாதவர்கள்தான் பெரிய உதவி செய்வார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பயம் என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்குத்தான் அடுத்தவர் முகத்தில் அதை அடையாளம் தெரிகிறது போலும். ஹாரிசனை யாரும் அந்த இயந்திரத்துக்குள் படுக்கவைக்கவில்லை. 14 வயதில் நெஞ்சைக் கிழித்துக்கொண்டு படுத்திருந்த பையனின் பயம் அவரை விட்டுப் போகவில்லை என்பது என் ஊகம் மட்டும்தான்.

2018 மே மாதம், 81 வயதில் கடைசியாகக் கொடுத்தார். அப்போதைய ஆஸ்திரேலிய விதிப்படி அதற்கு மேல் அனுமதி இல்லை. நாற்காலிக்கு மேலே 1, 1, 7, 3 என்று நான்கு வெள்ளி பலூன்கள் கட்டியிருந்தார்கள். ஆன்டி-டி போட்டுக்கொண்ட தாய்மார் சிலர் கைக்குழந்தைகளோடு வந்திருந்தார்கள். அன்றைக்கும் அவர் ஊசியைப் பார்க்கவில்லை. 2025 பிப்ரவரியில், 88 வயதில், ஒரு முதியோர் இல்லத்தில் தூக்கத்திலேயே இறந்தார்.

அவருக்குப் பிறகு? ஆஸ்திரேலியாவில் ஆன்டி-டி கொடையாளர்கள் மொத்தமே 200 பேர் போல. வருடத்துக்கு சுமார் 45,000 தாய்மாருக்கு அவர்களை நம்பித்தான் மருந்து. மெல்பர்னில் ஒரு ஆய்வுக்கூடத்தில் ஹாரிசன் உள்ளிட்ட கொடையாளர்களின் அணுக்களை வைத்து அந்த ஆன்டிபாடியை ஜாடியில் வளர்க்கப் பார்க்கிறார்கள். திட்டத்துக்குப் பெயரே ‘ஜாடிக்குள் ஜேம்ஸ்’. அது கைகூடினால் இந்த மருந்துக்காக யாரும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கையை நீட்ட வேண்டியிருக்காது. ஆனால் இப்போது மருந்து இருந்தும், உலகத்தில் தேவைப்படும் பெண்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு அது போய்ச் சேர்வதில்லை என்று ஒரு மதிப்பீடு சொல்கிறது. அந்த வீடுகள் சிலவற்றில் இன்றைக்கும் முதல் பிள்ளை தங்கும், அடுத்தவை தங்காது.

உங்கள் வீட்டில் கர்ப்பிணி இருந்தால் குரூப் அட்டையைப் பாருங்கள். நெகட்டிவ் என்றால் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். ஆன்டி-டி பொதுவாக 28-ஆவது வாரத்தில் ஒன்று, பிள்ளை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. பலருக்குத் தெரியாத விஷயம்: கரு கலைந்துபோனாலும் ஆன்டி-டி தேவையா என்று கேட்க வேண்டும். அது அரைகுறைக் கர்ப்பம்தானே என்று வீட்டோடு விட்டுவிடுகிறார்கள். எதிர்ப்புச் சக்தி அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை.

உங்களுக்கு 18 வயது ஆகி, 65 தாண்டாமல், எடை 45 கிலோவும் ஹீமோகுளோபின் 12.5-ம் இருந்தால் இந்தியாவில் நீங்கள் ரத்தம் கொடுக்கலாம். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை. படுத்ததும் கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வார்கள். முதல் தடவை நான் அதை அமுக்குவதா விடுவதா என்று தெரியாமல் நசுக்கித் தள்ளிவிட்டேன். பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். பிஸ்கட்டும் ஜூஸும் தருவார்கள். ஊசியைப் பார்க்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.